நகையை அடகு வச்சு புது கம்ப்யூட்டர் வாங்கலாமா?

வாசகர் கேள்வி பதில்: கேமரா, எடிட்டிங், கம்ப்யூட்டர்

கேள்வி: வணக்கம்ணா. கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்டு மாடியில கல்யாண வீடியோ மிக்சிங் பண்றேன். சொந்த ஆர்டரும் உண்டு, மத்த போட்டோகிராபருங்க குடுக்குறதையும் முடிச்சு குடுப்பேன். சீசன்ல மாசம் 6 கல்யாணம் வரும், ஒண்ணுக்கு 8,000 ரூபா. சிஸ்டம் ஐ5 7400, 8 ஜிபி ரேம், 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, சாஃப்ட்வேர் எடியஸ். ஆவணி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப புது கேமரால 4கே 10 பிட் 4:2:2 எச்.265-ல எடுத்துட்டு வந்து குடுக்குறாங்க, கிளிப்ப வரிசையா அடுக்கி வெட்டுற டைம்லைன்ல போட்டா படம் நின்னு நின்னு வருது, கடைசியா முழு வீடியோவா எழுதுற ரெண்டர் 5 மணி நேரம் ஓடுது. கடையில கேட்டேன், ஐ5 12400எஃப், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 போட்டு 95,000 ஆகும்னு எழுதி குடுத்துட்டாங்க. நகையை வச்சாத்தான் முடியும். வீட்டுல "வேகமா முடிச்சா மட்டும் கூட காசு குடுப்பாங்களா"ன்னு கேக்குறாங்க. வாங்கலாமாண்ணா?

பதில்: தம்பி, வீட்டுல கேட்ட கேள்விதான் சரியான கேள்வி, அதுக்கு பதில் தெரியாம கடைக்கு போகாதீங்க. நானும் ஒரு காலத்துல பாண்டி முத்தியால்பேட்டைல சின்ன எடிட் ரூம் வச்சிருந்தப்ப யாரோ சொன்னாங்கன்னு பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ண கடன்ல வாங்கி மாட்டிட்டு, அன்னிக்கு ராத்திரி ஆசையா டைம்லைன ஓட்டிப் பாத்தா, நேத்து எங்க நின்னுச்சோ அதே எடத்துல நிக்குது. அப்புறம்தான் தெரிஞ்சுது அடைப்பு ஹார்ட் டிஸ்க்குல இருந்துச்சு, கார்டுல இல்லன்னு. சாக்கடை ஒரு தெருவுல அடைச்சிருக்கு, நான் இன்னொரு தெருவுல பைப்ப மாத்திட்டு உக்காந்திருந்தேன்.

அதனால முதல்ல ஒரு நோட்டு எடுங்க. அடுத்து வர்ற ஒரே ஒரு கல்யாணத்துக்கு மட்டும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகுதுன்னு எழுதுங்க. கேமரா மெமரி கார்ட காப்பி பண்றது, மூணு கேமராவையும் ஒரே நேரத்துக்கு பொருத்தி சிங்க் பண்றது, வெட்டுறது, கலர், பாட்டு தேடுறது, டைட்டில், அப்புறம் பொண்ணு வீட்டுல "எங்க பெரியப்பா மொய் வச்சது வரலியே"ன்னு போன் பண்ணி திருத்த சொல்றது, கடைசியா ரெண்டர். நான் அப்படி ஒரு தடவை எழுதிப் பாத்தப்ப மொத்தம் 38 மணி நேரம் வந்துச்சு. அதுல கம்ப்யூட்டருக்காக நான் கைய கட்டிட்டு உக்காந்திருந்தது 9 மணி நேரம்தான், அந்த 9-லயும் 5 மணி நேரம் ராத்திரி நான் தூங்கும்போது ஓடுன ரெண்டர். மிச்ச 29 மணி நேரம் கண்ணும் மூளையும் பண்ற வேலை, அது எந்த மெஷின் வாங்குனாலும் குறையாது. ஜீன் ஆம்டால்னு ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியர் 1967-லயே இந்த கணக்க சொல்லிட்டாரு, மொத்த வேலையில எந்த பகுதிய வேகப்படுத்துறியோ அந்த பகுதி எவ்வளவு சின்னதோ அவ்வளவு சின்னதுதான் உனக்கு கிடைக்கிற லாபம்னு. அவரு சொன்னது பெரிய பெரிய கம்ப்யூட்டருங்களுக்கு, நம்ம மிக்சிங் ரூமுக்கும் அச்சு அசலா பொருந்துது.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. ரெண்டர் லேட் ஆகறதுதான் எல்லாரும் புலம்புறது, ஆனா என்ன கேட்டா ரெண்டர் லேட்டுதான் இருக்கறதுலயே மலிவான லேட்டு. போட்டுட்டு படுத்துடலாம், காலைல எழுந்தா முடிஞ்சிருக்கும். டைம்லைன் திக்குறதுதான் ஆளக் கொல்றது. தாலி கட்டுற நேரத்துல கெட்டிமேளம் எந்த ஃப்ரேம்ல ஆரம்பிக்குதுன்னு பாக்க முடியாம குத்துமதிப்பா வெட்டுவீங்க, திரும்ப ஓட்டிப் பாப்பீங்க, தப்பா இருக்கும், திரும்ப வெட்டுவீங்க, அதுக்குள்ள மனசு விட்டுப் போயிடும். நோட்டுல அது "வெட்டுற வேலை"ன்னு விழும், நெசத்துல அது காத்திருக்கற நேரம். ஆக உங்க பிரச்சனை திக்கல், அத மட்டும் பாப்போம்.

ஏன் திக்குது? மொய் நோட்டு எழுதுறவர பாத்திருப்பீங்க. முதல் வரியில ஊரு பேரு, தெரு எல்லாம் முழுசா எழுதுவாரு, அதே ஊர்க்காரங்க வரிசையா வந்தா கீழ "மேற்படி, மேற்படி"ன்னு போட்டுட்டு பேரையும் தொகையையும் மட்டும் எழுதுவாரு. இடம் மிச்சம். ஆனா நடுவுல 40-வது ஆளு எந்த ஊருன்னு கேட்டா மேல போய் முழுசா எழுதுன வரிய தேடி அங்கேருந்து இறங்கி வரணும். எச்.264, எச்.265 ரெண்டும் இதே வேலைதான் பண்ணுது. சில ஃப்ரேம்தான் முழுப் படம், மத்ததெல்லாம் முன்னாடி பின்னாடி ஃப்ரேம்லேருந்து என்ன மாறுச்சுங்கற குறிப்பு. சும்மா ஓட்டிப் பாக்கும்போது பெருசா தெரியாது, நீங்க அங்க இங்க தாவி தாவி வெட்டும்போது ஒவ்வொரு தாவலுக்கும் மெஷின் மேல போய் தேடிட்டு வரணும். 2003-ல வந்த எச்.264-ஐ விட 2013-ல வந்த எச்.265 இன்னும் நெருக்கி சுருக்கும், அத விரிக்கவும் அதுக்கேத்த உழைப்பு வேணும். அதுக்கு மேல 4கே-ன்னா 1080-ஐ விட நாலு மடங்கு புள்ளி, 10 பிட்டுன்னா ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிக்கு பதிலா 1,024 படி, 4:2:2-ன்னா சாதாரண 4:2:0-ஐ விட நிற விவரம் ரெண்டு மடங்கு. மூணு கேமரா அடுக்குனா நினைச்சுப் பாருங்க.

இந்த விரிக்கிற வேலைக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி இருக்கு. இன்டெல்ல அதுக்கு பேரு குவிக் சிங்க், 2011-லேருந்து இருக்கு. அந்த பகுதிக்கு தெரிஞ்ச ஃபார்மேட்டா இருந்தா அலுங்காம விரிச்சு குடுத்துடும். தெரியலன்னா மொத்த பாரமும் மெயின் சிப்பான சிபியு தலையில விழும். உங்க 7-வது தலைமுறை ஐ5-க்கும் 1050 டிஐ-க்கும் எச்.265 10 பிட் 4:2:0 தெரியும், 4:2:2 தெரியாது. அவ்வளவுதான் விஷயம், ஆவணி வரைக்கும் ஓடுன மெஷின் இப்ப திக்குறதுக்கு காரணம் மெஷின் கிழடானது இல்ல.

இப்ப அந்த கொட்டேஷன எடுத்துப் பாருங்க. 12400எஃப். அந்த "எஃப்"-ஐ கவனிச்சீங்களா? இன்டெல்ல பேரு கடைசியில எஃப் வந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, கிராபிக்ஸ் இல்லன்னா குவிக் சிங்க்கும் கிடையாது. சரி கார்டு பாத்துக்கும்னா, ஆர்டிஎக்ஸ் 3060-க்கும் 4:2:2 விரிக்க தெரியாது, 40 வரிசை கார்டுக்கும் தெரியாது, 2025-ல வந்த 50 வரிசையிலதான் கார்டு கம்பெனி என்விடியா அத சேத்தாங்க. ஆக 95,000 குடுத்து நீங்க வாங்கப் போற மெஷின்ல உங்க ஃபுட்டேஜுக்கு தேவையான அந்த ஒரு பகுதி எங்கயுமே இல்ல. சிபியு பெருசுங்கறதால இப்ப இருக்கறதுக்கு பரவால்லன்னு ஓடும், நகை வச்ச அளவுக்கு ஓடாது. கடைக்காரர குத்தம் சொல்லல, கேம் ஆடுற பசங்களுக்கு அது நல்ல மெஷின்தான், அவருகிட்ட வர்றதுல பாதி பேரு அவங்கதான்.

அப்ப என்ன பண்றது? காசு செலவில்லாததுலேருந்து வரேன்.

கேமராக்காரங்ககிட்ட பேசுங்க. பல கேமரா மெனுவுல 4:2:0 10 பிட்னு தனியா ஆப்ஷன் இருக்கும். தாலி கட்டுறது, பாண்டி ஒயிட் டவுன்ல எடுக்குற அவுட்டோர், இதுக்கெல்லாம் 4:2:2 வச்சுக்கட்டும், பந்தி பரிமாறுறதையும் ரிசப்ஷன் மேடையில வரிசையா வந்து போட்டோ எடுத்துக்கறதையும் எதுக்கு அதுல எடுக்கணும்? கடைசியில குடுக்கப் போறது 1080-ல பென் டிரைவ், அத வீட்டு டிவியில சொருகிப் பாக்கப் போறாங்க, மிச்ச பேரு வாட்ஸ்அப்ல பாக்கப் போறாங்க.

அடுத்தது ப்ராக்ஸி. எடியஸ்லயே ப்ராக்ஸி மோட் இருக்கு, ராத்திரி போட்டுட்டு தூங்குங்க, காலைல லேசான காப்பிய வச்சு வெட்டுங்க, ரெண்டருக்கு மட்டும் ஒரிஜினல் போகும். இடம் எவ்வளவு பிடிக்கும்னு ஒரு கணக்கு சொல்றேன், கேமரா செகண்டுக்கு 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, மூணு கேமராவும் சேர்த்து 10 மணி நேர ஃபுட்டேஜுன்னா 450 ஜிபி. ப்ரோரெஸ்ங்கற ஃபார்மேட்ல 1080 ப்ராக்ஸின்னா மணிக்கு ஒரு 17 ஜிபி, பத்து மணி நேரத்துக்கு 170. வேலை முடிஞ்சதும் அழிச்சுடலாம். "ப்ராக்ஸி எல்லாம் தொல்லைண்ணா"ன்னு சொல்ற பசங்க நிறைய பேரு, அந்த தொல்லைக்கு 95,000 ரூபா சம்பளம்னு நினைச்சுக்கிட்டா தொல்லையா தெரியாது.

அப்புறம் மெஷின தொறந்து பாத்து எத்தன வருஷம் ஆச்சு? கடலூர்ல கடல் காத்து தூசியோட சேந்து ஃபேன்லயும் ஹீட் சிங்க்லயும் பிசுபிசுன்னு அப்பிக்கும், தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு பையனோட சிஸ்டத்த தொறந்தப்ப உள்ள கம்பளி போத்துன மாதிரி இருந்துச்சு. சூடு ஏறுனா சிபியு தன்னைத்தானே காப்பாத்திக்க வேகத்த குறைச்சுக்கும். ப்ளோயர் அடிச்சு தெர்மல் பேஸ்ட் மாத்துங்க, சில நூறு ரூபாயில போயிடும்.

இதுக்கு மேலதான் செலவு. டாஸ்க் மேனேஜர தொறந்து வச்சுட்டு டைம்லைன ஓட்டுங்க. சிபியு 100-ல நிக்குது, ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் பக்கத்துல வீடியோ டீகோடுங்கற கோடு தரையில கிடக்குதுன்னா நான் மேல சொன்ன கதைதான். டிஸ்க் 100-ல நின்னா எஸ்எஸ்டி வேணும், அதாவது ஊசியும் சுத்துற தட்டும் இல்லாத வேகமான டிஸ்க். மெமரி நிறைஞ்சு வழிஞ்சா ரேம் வேணும். உங்களுக்கு ரெண்டும் கண்டிப்பா வேணும்னு பாக்காமலே சொல்லுவேன், விண்டோஸ், ப்ராஜெக்ட், மூணு கேமரா ஃபுட்டேஜ் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்குல கிடக்குது, அந்த ஊசி மூணு ஃபைலுக்கும் நடுவுல ஓடி ஓடியே களைச்சுப் போகும். ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 150, 200 எம்பி தரும், அதுவும் வரிசையா படிச்சாத்தான், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550 வரைக்கும் தரும், தாவி படிக்கறதுல ரெண்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. எஸ்எஸ்டி ஒண்ணு, இன்னொரு 8 ஜிபி ரேம். விலைய நான் எழுதுனா புத்தகம் கடைக்கு வர்றதுக்குள்ள மாறிடும், நகை வைக்கிற அளவுக்கு போகாது. நாளைக்கு மெஷின் மாத்துனாலும் அந்த எஸ்எஸ்டிய கழட்டி அதுல போட்டுக்கலாம்.

இப்ப வீட்டுல கேட்ட கேள்விக்கு வரேன். என் நோட்டுக் கணக்கையே உங்களுக்கும் வச்சா கல்யாணத்துக்கு 38 மணி நேரம், கூலி 8,000, அப்ப உங்க ஒரு மணி நேரத்துக்கு சுமார் 210 ரூபா. புது மெஷின் கல்யாணத்துக்கு 4 மணி நேரம் மிச்சம் பண்ணுதுன்னே வச்சுக்குவோம், மாசம் 6 கல்யாணம்னா 24 மணி நேரம், 5,000 ரூபா சொச்சம். 95,000 திரும்ப வர்றதுக்கு 19 சீசன் மாசம் வேணும். ஆடியும் மார்கழியும் கிடையாது, புரட்டாசியும் அப்படி இப்படித்தான், வருஷத்துக்கு 7 மாசம் நல்ல வேலைன்னா ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆவுது, அடகு வட்டி தனி. அதுவும் எப்ப? மிச்சமான 24 மணி நேரத்துல இன்னொரு கல்யாணத்த நீங்க வாங்கிப் போட்டாத்தான். திருவந்திபுரத்துல முகூர்த்த நாள்ல நூத்துக்கணக்குல கல்யாணம் நடக்குது, ஆளு கிடைக்காம உங்கள தேடி வந்து நீங்க "டைம் இல்ல"ன்னு திருப்பி அனுப்புறீங்கன்னா கணக்கு வேற, அப்ப மெஷின் சம்பாதிச்சு குடுக்கும். அப்படி போன சீசன்ல எத்தன பேர திருப்பி அனுப்புனீங்க? எனக்கு சொல்ல வேணாம், வீட்டுல சொல்லுங்க.

ஒரே ஒரு காரணத்துக்காக இந்த மெஷின ரொம்ப நாள் இழுக்காதீங்கன்னு சொல்லுவேன், அது வேகம் இல்ல. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, உங்க 7400 விண்டோஸ் 11 லிஸ்ட்ல இல்ல. வாடிக்கையாளர் ஃபைல் எல்லாம் இருக்கற மெஷின்ல அது நல்லதில்ல. அதனால சீட்டு கட்டியோ எப்படியோ ஒரு வருஷத்துல காசு சேத்து வாங்குங்க. வாங்கும்போது எஃப் இல்லாத 12-வது தலைமுறை இல்ல அதுக்கு மேல உள்ள இன்டெல் கேளுங்க, 4:2:2 அதுவே விரிச்சுக்கும், தனி கார்டு போட்டாலும் மெஷின் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் செட்டிங்ல போய் உள் கிராபிக்ஸ ஆன் பண்ணி வைங்க, இல்லன்னா அது தூங்கிடும். ஆப்பிள் எம் வரிசை சிப்பும் 4:2:2-ஐ நல்லா விரிக்கும், ஆனா எடியஸ் மேக்ல ஓடாது, கை பழகுன சாஃப்ட்வேர விட்டுட்டு சீசன்ல புதுசு கத்துக்க உக்காந்தா அந்த நஷ்டத்த எந்த கொட்டேஷன்லயும் எழுத மாட்டாங்க. எது வாங்குனாலும் உங்க ஃபுட்டேஜ ஒரு எஸ்எஸ்டில எடுத்துட்டு போய் கடையிலயே உங்க சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பாருங்க, பழைய வெர்ஷன்னா மெஷின் இருந்தும் சாஃப்ட்வேர் அத கூப்பிடாம போகலாம். ஓட்டிக் காட்ட மாட்டேன்னா அடுத்த கடை. மாத்தறத ஆடியிலயோ மார்கழியிலயோ வச்சுக்குங்க, முகூர்த்தத்துக்கு முன்னாடி நாள் சிஸ்டம் மாத்துனவன் கதை எல்லாம் என்கிட்ட நிறைய இருக்கு.

யுபிஎஸ் இருக்கான்னு நீங்க எழுதல. நெய்வேலி பக்கத்துலயே இருந்தும் நமக்கு கரண்டு போகத்தான் போகுது. 5 மணி நேர ரெண்டர் 4 மணி 50 நிமிஷத்துல போனா எந்த ஐ9-ம் காப்பாத்தாது. 2011 டிசம்பர் 30-ல தானே புயல், 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல், ரெண்டும் நம்ம பக்கம்தான் கரை ஏறுச்சு. ஃபுட்டேஜுக்கு ரெண்டாவது காப்பி ஒரு ஹார்ட் டிஸ்க்குல போட்டு மேல் அலமாரியில வைங்க. அந்த காசுக்கு வேணும்னா கடன் வாங்கலாம்.

கேள்வி: அண்ணா, நான் புதுச்சேரி லாஸ்பேட்டை, காலேஜ் படிக்கிறேன். போன்ல சமையல் வீடியோ எடுத்து லேப்டாப்ல எடிட் பண்றேன். வீடியோ போகப் போக வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போயிடுது. லேப்டாப் ஸ்லோன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. அப்பாகிட்ட புது லேப்டாப் கேக்கட்டுமா?

பதில்: கேக்காதம்மா, இந்த தடவை லேப்டாப் மேல தப்பில்ல. போன்ல எடுக்குற வீடியோவுக்கு ஃப்ரேம் கணக்கு நிலையா இருக்காது, வெளிச்சம் குறைஞ்சா, போன் சூடானா செகண்டுக்கு 30-ங்கறது 28, 27-ன்னு ஏறி இறங்கும், அடுப்பு பக்கத்துல போன வச்சு எடுத்தா கேக்கவே வேணாம். எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் 30-ன்னு நினைச்சு அடுக்கும், சத்தம் தன் வழியில போகும். ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் வச்சு மாத்திட்டு அப்புறம் எடிட்டுக்கு எடு. பத்து லட்ச ரூபா லேப்டாப் வாங்கிக் குடுத்தாலும் இத மாத்தாம போட்டா அதே மாதிரிதான் போகும். அப்பாகிட்ட கேக்கறதா இருந்தா ஒரு காலர் மைக் கேளு, குக்கர் விசில் சத்தத்துல நீ பேசுறது காதுல விழ மாட்டேங்குது.

கேள்வி: கடலூர் முதுநகர்லேருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்றவன். 1991-ல் நடந்த என் மகள் கல்யாண வீடியோ கேசட் மூன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பேரன் வேகமான கம்ப்யூட்டர் இருந்தால்தான் சீக்கிரம் முடியும் என்கிறான். உண்மையா?

பதில்: ஐயா, பேரன் நல்ல பையன்தான், இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவர் சொல்றது சரியில்ல. மூணு மணி நேர கேசட்டு மூணு மணி நேரம்தான் ஓடும், அது ஓட ஓடத்தான் கம்ப்யூட்டர் பதிவு பண்ணும், எவ்வளவு வேகமான மெஷின் வச்சாலும் ஒரு நிமிஷம் கூட குறையாது. படமும் 720-க்கு 576 புள்ளிதான், பத்து வருஷத்துக்கு முந்தின லேப்டாப்பே தாராளமா தாங்கும். உங்களுக்கு தேவை கேசட்ட ஓட்டுற பெட்டி, அதாவது ஒழுங்கா ஓடுற விசிஆரும், அதோட படத்த கம்ப்யூட்டருக்கு ஏத்தி விட சொருகுற ஒரு சின்ன கேப்சர் டிவைஸும். விசிஆர்தான் கஷ்டம், கடைசியா தயாரிச்சிட்டு இருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாய் 2016-லயே நிறுத்திடுச்சு, சொந்தக்காரங்க வீட்டு பரண்ல தேடுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. கேசட்ட வெளிச்சத்துல வச்சு அந்த சின்ன கண்ணாடி வழியா டேப் சுருள பாருங்க. முதுநகர் ஈரக் காத்துக்கு பூஞ்சை பிடிச்சிருக்க நிறைய வாய்ப்பு உண்டு, வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா தயவுசெஞ்சு விசிஆர்ல போடாதீங்க, ஹெட்டும் போகும், அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டிக்கும், டேப்பே அறுந்தாலும் அறுந்துடும். சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளுகிட்டதான் குடுக்கணும். குடுக்கும்போது மூணையும் மொத்தமா குடுக்காம ஒண்ண குடுத்து பாத்துட்டு அப்புறம் அடுத்தத குடுங்க. தாலி கட்டுறது எந்த கேசட்டுன்னு அம்மாவுக்கு நினைவிருக்கும், அத கடைசியா குடுங்க.

கேள்வி: கம்ப்யூட்டர் பார்ட்ஸ் எல்லாம் பாண்டியில வாங்கினா சீப்புன்னு சொல்றாங்களே, நெல்லிக்குப்பத்துலேருந்து போலாமா?

பதில்: அது வாட் வரி காலத்து கதைங்க. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்ததுலேருந்து கடலூர்லயும் பாண்டியிலயும் கம்ப்யூட்டருக்கு ஒரே 18 சதவீதம்தான். கடைக்கு கடை நூறு எரநூறு வித்தியாசம் இருக்கும், பஸ் சார்ஜுக்கும் டீக்கும் சரியாப் போயிடும். ரிப்பேர்னா தூக்கிட்டு ஓட எந்த கடை பக்கமோ அங்க வாங்குங்க.